பந்தயக் காருக்குக் கூண்டு உண்டு, பசறை பஸ்ஸுக்கு?

2021 மார்ச் 20 காலை, லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட தனியார் பஸ் பசறை 13ஆம் கட்டையில் பள்ளத்தில் விழுந்தது. குறைந்தது 14 பேர் உயிரிழந்தனர். மலையிலிருந்து சரிந்த பாறை வீதியின் ஒரு பக்கத்தை மறித்துக் கிடந்தது. எதிரே டிப்பர் வந்தது. பிழை சாரதியுடையதா, வீதியுடையதா என்று நிறையப் பேசினோம். புரண்ட பஸ்ஸின் கூடு எவ்வளவு தாங்கும் என்று கேட்டவர்கள் மிகக் குறைவு.

இதே பதுளை மாவட்டத்தின் தியத்தலாவையில்தான் பொக்ஸ் ஹில் கார்ப் பந்தயம் நடக்கிறது. 2024 ஏப்ரல் 21 அன்று கார் ஒன்று ஓடுபாதையை விட்டுப் பாய்ந்ததில் 7 பேர் இறந்தார்கள். அவர்கள் காருக்கு வெளியே நின்றவர்கள். பந்தயக் காருக்குள் இருப்பவரைக் காக்கவோ விதிகள் உண்டு. கார் புரண்டாலும் கூரை நசுங்காமல் இருக்க, உள்ளே இரும்புக் குழாய்க் கூண்டு பொருத்துவார்கள். சர்வதேச மோட்டார் சம்மேளனம், பிரதான வளையத்துக்கு 45 மில்லிமீற்றர் விட்டமும் 2.5 மில்லிமீற்றர் தடிப்பும் கொண்ட பொருத்தற்ற உருக்குக் குழாயைக் குறிப்பிடுகிறது.

குழாய் மட்டும் போதாது. வளைக்கும்போது அது நெளியக் கூடாது. மூலைவிட்டக் குழாய்கள் முக்கோணமாக இறுக்க வேண்டும். வெறும் சதுரம் சாய்ந்துவிடும். கால்களின் கீழ் அகன்ற தகடு வேண்டும். இல்லையேல் குழாய் தரையைக் குத்திக் கிழிக்கும். ஒரு வெல்டிங் பிளந்தாலும் மற்றவற்றின் உழைப்பு வீண்.

பஸ்ஸுக்கும் கணக்கு இதுவே. தரை, பக்கத் தூண், கூரை மூன்றும் ஒரே வளையமாகப் பிணைந்திருக்க வேண்டும். ஐ.நா.வின் 66ஆம் இலக்க ஒழுங்குவிதி, 800 மில்லிமீற்றர் ஆழத்துக்குள் பஸ்ஸைச் சாய்த்துப் புரட்டிய பின்னும் பயணிகள் உயிர்தப்பும் இடைவெளிக்குள் எதுவும் நுழையக் கூடாது என்கிறது. முழு பஸ்ஸையும் உடைக்க வேண்டியதில்லை. கூட்டின் ஒரு பகுதியைச் சோதிக்கலாம், கணினியிலும் கணிக்கலாம். இந்தியாவில் இதையொட்டிய தரம் உண்டு. அங்கிருந்து செசி இறக்கி, இங்கே உடல் கட்டும் நாம் அந்தத் தரத்தையும் இறக்கியிருக்கலாம்.

கராஜில் பஸ் கட்டுவதைப் பார்த்திருக்கிறேன். தகடு போர்த்தி வர்ணம் பூசிய பின் மூட்டுகள் கண்ணுக்குத் தெரியாது. வருடாந்தத் தகுதிச் சான்றிதழுக்கு வரும் பஸ்ஸில் பிரேக்கைப் பார்க்கலாம், டயரைப் பார்க்கலாம். தூணின் அடி வெல்டிங்கை எப்படிப் பார்ப்பது? தகடு போர்த்துமுன் ஒரு பரிசோதனை கட்டாயமாக வேண்டும்.

ஆழமான பள்ளத்தில் விழும் பஸ்ஸில் கூடு எல்லோரையும் காப்பாற்றாது என்பதும் உண்மை. தடுப்புச் சுவரும் ஆசனப் பட்டியும் வேண்டும். பாறை விழுந்தால் உடனே அகற்ற வேண்டும். ஆனால் 2025இல் மே 11 கொத்மலையில் 20க்கும் மேற்பட்டோரும், செப்டெம்பர் 4 எல்லவில் 15 பேரும் இறந்த பிறகும் சாரதியை மட்டும் பேசிக் கலைவது போதாது.

தோட்டத்துப் பிள்ளை கொழும்புக்கு வேலைக்குப் போவதும், நோயாளி பதுளை ஆஸ்பத்திரிக்குப் போவதும் பஸ்ஸில்தான். யாழ்ப்பாணத்திலிருந்து இரவு பஸ் ஏறுபவருக்கும் இதே கேள்வி உண்டு. அடுத்த முறை வாக்குக் கேட்டு வருபவரிடம் வீதியோடு சேர்த்து இதையும் கேட்போம்: இந்த பஸ்ஸின் கூட்டை யார் சோதித்தார்கள்?