பீலிக்கரையில் நிற்கும் நாய்



பசறைப் பக்கத் தோட்டங்களில், எல்லோரும் வேலைக்குப் பேர் பதியப் பெரட்டுக்கு ஓடுகிற விடியற்காலையில், பீலிக்கரையில் ஒரு பெட்டை நாய் தண்ணீரை நக்கிக்கொண்டே நிற்கும். நாலு எட்டு நடந்துவிட்டுத் திரும்பி வந்து மறுபடியும் நக்கும். இராத்திரி வைத்த சோறு தொடாமல் காய்ந்திருக்கும். இஸ்தோப்பில் அது படுத்த சாக்கு ஈரமாகி, கெட்ட வாடை அடிக்கும். "வயசாயிருச்சு" என்று சொல்லிவிட்டு நாம் மலைக்குப் போய்விடுகிறோம். சில நாளில் அது செத்துப்போனால், "எதையோ தின்னுருச்சு" என்று குழி தோண்டுகிறோம்.

இந்த மாதப் பக்கம் அந்த நாய்க்காக. பருவத்துக்கு வந்துபோன இரண்டு மாதத்துக்குள் ஒரு பெட்டை நாய் இப்படித் தண்ணீர் தண்ணீராய்க் குடித்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கும் நோயை. வைத்தியர்கள் பயோமெட்ரா என்பார்கள்.

நாய் சினைப்பட்டாலும் படாவிட்டாலும், பருவம் முடிந்ததும் அதன் உடம்பு குட்டிக்காகத் தயாராகிறது. புரொஜெஸ்டரோன் என்ற ஹோர்மோன் கர்ப்பப்பையின் உள்சுவரைத் தடிக்க வைக்கிறது, வாயை மூடுகிறது, எதிர்ப்புச் சக்தியையும் அங்கே தணித்து வைக்கிறது. குடலில் வாழும் ஈ.கோலை கிருமி மேலேறிவிட்டால் அதற்கு அதைவிட வசதியான இடம் இல்லை. அந்தக் கிருமியின் நஞ்சு சிறுநீரகத்தைத் தாக்குவதால் நீரைப் பிடித்துவைக்க முடியாமல் நாய் ஓயாமல் சிறுநீர் கழிக்கிறது. அதனால்தான் அந்தத் தாகம். கர்ப்பப்பை வாய் திறந்திருந்தால் சீழ் வெளியே வடியும். நாய் அடிக்கடி பின்பக்கத்தை நக்குவதைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். மூடியிருந்தால் ஒன்றும் வடியாது, வயிறு மட்டும் உப்பும். ஆபத்து அதில்தான் அதிகம். உள்ளே கர்ப்பப்பை வெடித்தாலோ நஞ்சு இரத்தத்தில் கலந்தாலோ பிழைப்பது கஷ்டம்.

இது அபூர்வமான நோய் என்று நினைக்க வேண்டாம். சுவீடனில் பெட்டை நாய்களுக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்யும் வழக்கம் நீண்டகாலம் குறைவாகவே இருந்தது. அங்கே காப்புறுதி செய்யப்பட்ட நாய்களின் பதிவுகளை ஆராய்ந்தபோது, பத்து வயதுக்குள் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு இந்த நோய் வந்திருந்தது தெரிந்தது. நம் லயங்களிலும் ஆபரேஷன் செய்யாத நாய்கள்தான் அதிகம். குட்டி போடாமல் இருக்கப் போடும் கருத்தடை ஊசியும் அதே ஹோர்மோனைப் போல வேலை செய்வதால் இந்த ஆபத்தைக் கூட்டுகிறது. மலிவாகக் கிடைக்கிறதென்று அந்த ஊசியைத் தேடிப் போகாதீர்கள்.

வைத்தியரிடம் போகும்போது இன்னொரு சிக்கல். நாயின் மாற்றத்தை முதலில் கவனிப்பது வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும். அதைத் தூக்கிக்கொண்டு டவுனுக்குப் போவது பெரும்பாலும் ஓர் ஆண். கர்ப்பப்பை, பருவம் என்றெல்லாம் வாய்விட்டுச் சொல்ல அவருக்குக் கூச்சம். "காய்ச்சல், சாப்பிடுதில்ல" என்பதோடு நிறுத்திக்கொள்வார். காய்ச்சலுக்கான ஊசியோடு திரும்பி வருவார். அக்காமாரே, நீங்களும் கூடப் போங்கள். முடியாவிட்டால் மூன்று விஷயங்களைச் சொல்லி அனுப்புங்கள்: கடைசியாக எப்போது பருவத்துக்கு வந்தது, எத்தனை நாளாய்த் தண்ணீர் அதிகம் குடிக்கிறது, கருத்தடை ஊசி போட்டதுண்டா. சாக்கில் பட்ட கறையை ஃபோனில் படமெடுத்துக் கொடுத்துவிடுங்கள். "கர்ப்பப்பையில சீழ் இருக்கான்னு பாருங்க டாக்டர்" என்று நேராகவே கேட்கலாம், தவறில்லை. ஸ்கேன் வசதி அங்கே இல்லையென்றால் பதுளையில் எங்கே இருக்கிறது, ஆபரேஷனுக்கு எங்கே போவது என்று கேட்டு, ஒரு கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடை வைத்தியசாலை தூரம்தான். ஆனாலும் அப்படி ஓர் இடம் இருப்பது தெரிந்திருக்கட்டும்.

மாத்திரையால் சீழ் தற்காலிகமாக அடங்கலாம். பெரும்பாலான நாய்களுக்கு உறுதியான வழி, சேலைன் ஏற்றித் தெம்பாக்கி, கர்ப்பப்பையையும் சூலகங்களையும் எடுத்துவிடுவதுதான். நாள் தள்ளத் தள்ளப் பிழைக்கும் வாய்ப்பு குறையும்.

பின்பக்கத்தில் இரத்தம் சொட்டுவதையெல்லாம் "பருவம்" என்று விட்டுவிடவும் கூடாது. வாரக்கணக்கில் நிற்காமல் சொட்டினால், இணைசேரும்போது நாய்க்கு நாய் தொற்றும் கட்டியாக இருக்கலாம். பார்க்கப் பயங்கரமாக இருக்கும் அந்தக் கட்டி, வாரம் ஒன்றாகப் போடும் வின்கிரிஸ்டின் ஊசியில் பெரும்பாலும் கரைந்தே போகும். அதைப் பார்த்துவிட்டு நாயை விரட்டிவிடுவது எனக்குத் தாங்க முடியாத கொடுமையாகப் படுகிறது.

செலவைப் பற்றிப் பேசாமல் இதை எழுத முடியாது. ஒருநாள் பேரையும் அதன் கூலியையும் இழந்து, வண்டிக்கும் காசு கொடுத்து, ஆபரேஷனுக்கும் கட்டுவது தோட்டத்துக் குடும்பத்துக்குப் பெரிய பாரம். பொட்டைக்கு எதற்கு இவ்வளவு என்று கேட்பவர்களும் உண்டு. பெட்டைக் குட்டிகளைப் பெட்டியில் போட்டு ரோட்டோரம் விடுகிற கைகளும் நம்முடையவைதான். மரக்கறித் தோட்டத்தில் பன்றி வந்தால் இராத்திரி முழுக்கக் குரைத்துக் காவல் காத்தது அந்தப் பொட்டைதானே?

நோய் வருமுன் செய்யும் கருத்தடை ஆபரேஷன், வந்தபின் செய்வதைவிட மலிவு, ஆபத்தும் குறைவு. பிரதேச அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் இலவசக் கருத்தடை முகாம் எப்போது என்று முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். ஒரே லயத்தில் இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து போனால் வண்டிக் காசைப் பங்கிட்டுக்கொள்ளலாம். ஆபரேஷன் முடிந்து வந்த நாயைத் தையல் ஆறும்வரை, பத்துப் பதினான்கு நாள், காம்பராவுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். தையலை நக்காமலிருக்க, பிள்ளைகளின் பழைய பனியன் ஒன்றை மாட்டிவிடலாம்.

அன்புடன்,
ஆசிரியர்