கிளியூர்ச் சிறுவனுக்குக் கணக்குக் காட்டுவார் யார்?

ஏற்காட்டில் இருவகைப் பள்ளிகள் உள. ஆங்கிலர் காலந்தொட்டுச் செல்வர்தம் மக்களுக்கென வளர்ந்த விடுதிப் பள்ளிகள் ஒருவகை. காப்பித் தோட்டக் கூலியர், மலையாளிப் பழங்குடியினர் ஆகியோரின் பிள்ளைகள் பயிலும் அரசுப் பள்ளிகள் மற்றொரு வகை. கிளியூர் அருவியைக் காண வருவோர் முன்னதன் மதிலைக் கண்டு வியப்பர். பின்னதன் கதவைத் திறந்து பார்ப்பார் இலர். அக் கதவைத் திறந்து நாள்தோறும் உள்ளே செல்பவர் ஆசிரியர் ஒருவரே. அவரை ஆக்கி விடுத்த கல்லூரி, தன் ஆக்கத்திற்கு எவரிடம் கணக்குக் காட்டுகின்றது? இதுவே எம் வினா.

1976ஆம் ஆண்டின் 42ஆம் சட்டத்திருத்தம் கல்வியை மாநிலத்தின் கையினின்றும் பொதுப்பட்டியலுக்குப் பெயர்த்தது. 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி நடுவணரசின் ஆசிரியர் கல்விக் குழுமம் 1995இல் அமைந்தது. அதன் ஏற்பின்றி ஆசிரியக் கல்லூரி இல்லை. கல்லூரிகளுக்குத் தரம் குறிக்கும் அவை 1994இலேயே பெங்களூரில் தோன்றிற்று. 2008இல் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகமும் எழுந்தது. கண்காணிப்போர் மூவராயினர், விளைந்தது யாது?

தனித்தியங்கும் ஆசிரியக் கல்லூரிகளுள் பெரும்பாலன, பதினாயிரத்துக்கும் மேற்பட்டவை, மெய்யான பயிற்சி தராது பட்டத்தை விலைக்கு விற்கின்றன என்று உச்ச முறைமன்றம் அமைத்த வர்மா ஆணையம் 2012இல் உரைத்தது. அவ் வாண்டே சூலையில், தமிழ்நாட்டின் முதல் ஆசிரியர் தகுதித் தேர்வை ஆறு இலக்கத்துக்கும் மேற்பட்டோர் எழுதினர். தேறினோர் நூற்றுக்கு ஒருவர்கூட இலர். காலம் போதவில்லை என்றனர், அது மெய்யே. அக்டோபர் மறுதேர்வில் காலம் இரட்டிக்கப்பட்டும் நூற்றுக்கு ஐவர் தேறினாரிலர். தோற்றவரைப் பழித்தோம், அவர்க்குப் பட்டம் ஈந்த கல்லூரிகளை வினவினோமா?

யான் பயின்ற கல்லூரிக்கு ஒருநாள் ஆய்வுக்குழு வந்தது. கல்லூரியின் பெயர் வேண்டா. முன்னாள் மாலை வண்டியில் நூல்கள் வந்திறங்கின. மாணாக்கராகிய யாங்களே அடுக்கினோம். ஆய்வர் எண்ணினர், கையொப்பமிட்டனர், விருந்துண்டு சென்றனர். மறுநாள் நூல்கள் வந்தவழியே சென்றன. ‘ஒரு குழந்தைக்கேனும் எழுத்தறிவித்தீர்களா?’ என எங்களை ஒருவரும் வினவவில்லை. அடுக்கிய கைகளுள் என் கையும் ஒன்று. அப் பழியில் எனக்கும் பங்குண்டு.

இன்று வண்டி வேண்டா, கணினி போதும். 2021-22, 2022-23 கல்வியாண்டுகளுக்குச் செயற்பாட்டு அறிக்கை விடுக்குமாறு குழுமம் கேட்டது. விடுக்காத கல்லூரிகள் பலவற்றின் ஏற்பை 2025இல் நீக்கியது. ஒறுத்தது நன்றே. ஆயின், விடுத்த அறிக்கை மெய்யா பொய்யா எனக் கூறவல்லவர் யார்? பிள்ளையின் தாய்தந்தையர் அல்லரோ? அவ் வறிக்கையோ அவர் அறியாத ஆங்கிலத்தில், அவர் காணாத தில்லிக்குச் செல்கின்றது. உண்பவனைக் கேளாமல் சமைத்தவனையே சுவை கேட்கும் முறை இது!

யாம் வேண்டுவன மூன்று. ஒவ்வோர் ஆசிரியக் கல்லூரியும் தன் ஆண்டறிக்கையைத் தமிழில் எழுதித் தன் வாயிலில் ஒட்டுக. ஆசிரியர் எத்துணையர், பயின்றோர் எங்குப் பணிபுரிகின்றனர் என்பன அதில் விளங்குக. 2014ஆம் ஆண்டு விதிகள் ஈராண்டுப் பயிற்சியில் இருபது கிழமைகளைப் பள்ளிப் பணிக்கு வகுத்துள்ளன; அவற்றுள் நான்கேனும் மலையூர்ப் பள்ளிகளில் கழிக; மலைமக்களின் பேச்சுத்தமிழைப் பயிற்சியாளர் செவியாற் கற்க. அப் பள்ளியின் பெற்றோர் கூடி, ‘இவர் எம் பிள்ளைக்குக் கற்பித்தார்’ என ஒப்பமிட்டாலன்றிப் பயிற்சி நிறைவுறாதாகுக.

எழுத்தறியாதார் ஆசிரியரை அளப்பதா என்பர் சிலர். பிள்ளை வீட்டில் படித்துக் காட்டுகின்றானா இல்லையா என்பதை அறிய எழுத்தறிவு வேண்டா, செவி போதும்.

ஆசிரியத் தோழர்களே! முதற்கண் நாம் பயின்ற கல்லூரிகளின் வாயிலில் நின்று கணக்குக் கேட்போம். கிளியூர்ச் சிறுவன் தில்லி வரை சென்று கேட்க இயலாது.