தண்ணீருக்குப் பட்டா கிடையாதாம்!

"மீனவனுக்கு என்னங்க சொத்து? ஒரு படகு, நாலு வலை, புறம்போக்குல ஒரு வீடு. ஏரித் தண்ணி என்ன அவன் அப்பன் வீட்டுச் சொத்தா?"

இந்தப் பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள். டீக்கடையில் மட்டுமில்லை, நன்றாகப் படித்தவர்கள் வாயிலும் வரும். காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கம் பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும் தவறாமல் வரும். இதைச் சொல்கிறவர்கள் தாங்கள் சட்டமும் பொருளாதாரமும் பேசுவதாக நினைத்துக்கொள்கிறார்கள். நான் படிப்பது வெறும் பி.காம்.தான். ஆனால் என் பாடப்புத்தகத்தை வைத்துப் பார்த்தாலே இந்தப் பேச்சு நிற்காது. எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் ஏரியில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பொன்னேரியிலிருந்து பஸ் ஏறினால் பழவேற்காடு. சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பங்கழி ஏரி. பெரும்பகுதி ஆந்திராவில், கடலோடு சேரும் தெற்கு முகத்துவாரம் நம் பக்கம். அந்த முகத்துவாரத்தை ஒட்டிய இடங்களில்தான் இறால் நன்றாகப் படும். எல்லோரும் ஒரே நாளில் அங்கே வலை கட்டினால் என்ன ஆகும்? வெட்டுக்குத்து ஆகும். ஆகாமலிருக்க மீனவர்களே ஏற்படுத்திக்கொண்டதுதான் 'பாடு' முறை. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் தலைக்கட்டுக் கணக்கு உண்டு. கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு. யாருக்கு எந்த இடம், எந்த முறை என்று சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவனுக்கு அடுத்த முறை சுமாரான இடம் வரும். மீறினால் ஊர்ப் பஞ்சாயத்து கேட்கும்.

இப்போது சொல்லுங்கள். யார் பயன்படுத்தலாம் என்பதற்கு விதி இருக்கிறது. யார் கூடாது என்பதற்கும் இருக்கிறது. எப்போது, எவ்வளவு நேரம் என்பதற்கு இருக்கிறது. மீறினால் தண்டனையும் இருக்கிறது. இதற்குப் பெயர் சொத்துரிமை இல்லையென்றால் வேறு எதற்குச் சொத்துரிமை என்று பெயர்?

"ஆனா காகிதம் இல்லையே!" என்பார்கள். காகிதமா? இதே பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-ல் கெல்டிரியா கோட்டை கட்டினார்கள். அவர்களிடம் காகிதத்துக்குக் குறைவே இல்லை. 1825-ல் ஊர் முடிவாக ஆங்கிலேயர் கைக்குப் போனது. இன்று மிச்சம் இருப்பது இடிபாடும் கல்லறைகளும்தான். காகிதம் இல்லாதவன் இன்னும் ஏரியில் வலை போட்டுக்கொண்டிருக்கிறான்.

சரி, கணக்குப் பாடத்துக்கு வருவோம். தொட்டுப் பார்க்க முடியாத சொத்துக்களைப் பற்றிய கணக்கியல் தரம் ஏ.எஸ். 26. காப்புரிமை, கணினி மென்பொருள் என்று அடுக்கிக்கொண்டே போகும் உதாரணப் பட்டியலில் 'மீன்பிடி உரிமங்கள்' என்ற வார்த்தையும் இருக்கிறது! நான் சேர்த்தது இல்லை சார், தரத்திலேயே இருக்கிறது :-) அதாவது ஒரு கம்பெனி காசு கொடுத்து மீன்பிடி உரிமம் வாங்கினால் அது இருப்புநிலைக் குறிப்பில் சொத்துப் பக்கம் ஏறும். தொலைபேசிக் கம்பெனி ஏலத்தில் எடுத்த அலைக்கற்றையும் ஏறும். அலைக்கற்றையைக் கண்ணால் பார்த்தவர் யார்? ஆனால் தலைமுறை தலைமுறையாகச் சீட்டுப் போட்டுப் பகிர்ந்துகொண்ட இறால் பாடு மட்டும் பூஜ்யம்.

பொருளாதாரம் படித்தவர்கள் உடனே காரெட் ஹார்டினை இழுப்பார்கள். 1968-ல் எழுதிய கட்டுரை: பொதுச் சொத்தை எல்லோரும் சுரண்டி அழித்துவிடுவார்கள், ஆகவே அரசோ தனியாரோ எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பதில் சொன்னவர் எலினார் ஆஸ்ட்ரம். 2009-ல் பொருளாதார நோபல் பெற்றவர், அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண். துருக்கியில் அலன்யா என்ற ஊரில் மீனவர்கள் சீட்டுப் போட்டு மீன்பிடி இடங்களைப் பிரித்து, முறைவைத்து மாறிக்கொள்வதை அவர் எடுத்துக்காட்டினார். நம் ஊர்ப் பாடும் கிட்டத்தட்ட அதே கதைதான்! துருக்கிக்காரன் செய்தால் பாடப்புத்தகம், குப்பத்துக்காரன் செய்தால் ஆக்கிரமிப்பா?

பாடு முறை தங்கம் என்று நான் சொல்லவில்லை. அதில் அநியாயமும் இருக்கிறது. அது பட்டினவர் சாதிக்கான உரிமை. மற்ற சாதிக்காரர்களுக்கு நல்ல இடங்களில் பங்கில்லை. பெண் தலைக்கட்டாக முடியாது. தண்ணீரில் உட்கார்ந்து கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்கு இந்தச் சீட்டில் பெயரே கிடையாது. இதெல்லாம் திருத்தப்பட வேண்டியவை. ஆனால் பங்கு சரியாகப் பிரிக்கப்படவில்லை என்பது ஒரு புகார். பிரிப்பதற்குச் சொத்தே இல்லை என்பது வேறு. முதலாவதைக் காட்டி இரண்டாவதை நிரூபிக்க முடியாது. அண்ணன் தம்பி பாகப்பிரிவினைச் சண்டை போட்டால் பக்கத்து வீட்டுக்காரனா நிலத்தை எடுத்துக்கொள்வான்?

விவாதத்துக்காக நான் இதை எழுதவில்லை. காட்டுப்பள்ளியில் 330 ஏக்கர் துறைமுகத்தை 6,111 ஏக்கராக விரிக்க அதானி நிறுவனம் முன்வைத்த திட்டத்தில் ஏறக்குறைய 2,000 ஏக்கர் கடலை நிரப்பி எடுப்பது. 2021 ஜனவரி 22, 2023 செப்டம்பர் 5 என்று இரண்டு முறை கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குத் தேதி குறித்தார்கள், இரண்டும் தள்ளிப்போயின. இங்கேதான் சட்டத்தின் ஓட்டை. 2013 நிலம் கையகப்படுத்தும் சட்டம் நீர்நிலையை நம்பிப் பிழைக்கும் மீனவர்களையும் படகோட்டிகளையும் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்று ஒப்புக்கொள்கிறது. நல்ல விஷயம். ஆனால் *நிலம்* கையகப்படுத்துவதால் பாதிப்பு வந்தால்தான். கடலைத் தூர்த்து நிலமாக்கினால்? யாரிடமிருந்தும் எதையும் எடுக்கவில்லை என்று சுலபமாகச் சொல்லிவிடலாம்!

காட்டில் வாழ்பவர்களுக்கு 2006-ல் வன உரிமைச் சட்டம் வந்தது. நீர்நிலைகளில் மீன் பிடிக்கும் சமூக உரிமைகூட அதில் உண்டு. கடற்கரைக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை இருக்கிறதே என்பீர்கள். மீனவ ஊர்களையும் அவர்களது பொதுச் சொத்துக்களையும் வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்று 2011 அறிவிக்கை சொன்னது. 'பொதுச் சொத்து' என்ற வார்த்தையை அரசே பயன்படுத்திவிட்டது, கவனித்தீர்களா? ஆனால் வரைபடத்தில் குறிப்பது வேறு, உரிமை கொடுப்பது வேறு.

முடியாத காரியம் ஒன்றும் இல்லை. ஜப்பானின் 1949 மீன்வளச் சட்டம் கரையோர மீன்பிடி உரிமையைச் சொத்துரிமையாகவே கருதி, நிலத்துக்கான விதிகளை அதற்கும் பொருத்தியது. அங்கே ஒரு துறைமுகம் கடலை நிரப்ப வேண்டுமென்றால் மீனவர் கூட்டுறவுச் சங்கத்தோடு உட்கார்ந்து பேரம் பேசியாக வேண்டும். ஜப்பானில் துறைமுகமே இல்லாமல் போய்விட்டதா என்ன?

எனக்குத் துறைமுகத்தின் மேல் விரோதம் இல்லை. நாளைக்கு எனக்கோ என் வகுப்புத் தோழனுக்கோ அங்கேயே கணக்கர் வேலை கிடைக்கலாம். என் சண்டை கணக்கின் மேல்தான். மூலப்பொருளின் விலையைப் பூஜ்யம் என்று எழுதினால் எந்தத் தொழிலும் லாபமாகத்தான் தெரியும். முதல் வருட மாணவன் அப்படி எழுதினாலும் ஆசிரியர் சிவப்பு மையில் அடிப்பார். அந்தக் கணக்கில் விடுபட்ட செலவை யாரோ கட்டத்தான் வேண்டும். இப்போது அதை இறால் பாட்டை இழக்கும் தலைக்கட்டும், சீட்டிலேயே பெயர் இல்லாத இருளர் பெண்ணும் கட்டுகிறார்கள்.

ஆகவே கேட்பது இவ்வளவுதான். பாடு இடங்களையும் கைத்தடவல் இடங்களையும் அளந்து பதிவு செய்யுங்கள். இதுவரை விடுபட்டவர்களையும் சேர்த்து அந்த உரிமையை ஊர்களின் பெயரில் சட்டமாக்குங்கள். அதற்குப் பிறகு எந்தத் துறைமுகம் வந்தாலும் வரட்டும், உரிமைக்காரர்களோடு உட்கார்ந்து விலை பேசட்டும். அவர்கள் விற்க மாட்டோம் என்றால் அதையும் ஏற்றுக்கொள்ளட்டும். சொத்து வைத்திருப்பவனுக்கு 'முடியாது' என்று சொல்ல உரிமை இல்லையென்றால் அது என்ன சொத்து?