கேம் அடிப்பதும் கேம் எழுதுவதும் ஒன்றல்ல



இந்த வாரம் ஊர் வட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது. "ஸ்கூல்ல புள்ளைகள் கல்குலேட்டர்ல கேம் அடிக்கிறாங்க, மாஸ்டர்மார் பாத்துக்கிட்டு ஈக்காங்க." பேசியவர் பெயர் இங்கே தேவையில்லை. ஆனால் அதைக் கேட்டுவிட்டுப் பல பெற்றோர் எங்களிடம் சூடாகப் பேசினார்கள். ஆகவே தகவல் தொழினுட்பம் படிப்பிக்கும் நாங்கள் பதில் சொல்லத்தான் வேண்டும்.

பிள்ளைகள் கேம் அடிக்கவில்லை, எழுதினார்கள்.

வெளிநாட்டிலுள்ள மாமா ஒருவர், தன் மகன் பாவித்து முடித்த டிஐ-84 பிளஸ் என்ற வரைபுக் கல்குலேட்டரைத் தரம் 10 படிக்கும் மருமகனுக்குக் கொடுத்தனுப்பினார். கணக்குச் செய்யும், வரைபு கீறும், நாம் எழுதும் செய்நிரலையும் இயக்கும். திரையில் 8 வரி, வரிக்கு 16 எழுத்து, அவ்வளவுதான். நமக்குக் கிடைக்கும் நினைவகம் 24 கிலோபைட். வெள்ளிக்கிழமை காலையில் நாம் அனுப்பும் 'ஜும்ஆ முபாரக்' படம் ஒன்றுகூட அதற்குள் அடங்காது.

அதற்குள் அந்தப் பிள்ளை ஒரு சொல் விளையாட்டை எழுதினார். மறைத்து வைத்த ஊர்ப் பெயரை ஒவ்வோர் எழுத்தாக ஊகிக்க வேண்டும். பிழைத்தால் ஓர் உயிர் போகும், மொத்தம் ஆறு உயிர். முதல் சொல் ஆங்கில எழுத்தில் அக்குறணை. ஏழு எழுத்து, அதில் 'ஏ' மூன்று தடவை. ஆனால் 'ஏ' என்று அழுத்தினால் முதல் கட்டம் மாத்திரமே நிரம்பியது. ஏனென்றால் சொல்லுக்குள் ஓர் எழுத்தைத் தேடும் கட்டளை முதலில் கண்ட இடத்தைச் சொல்லிவிட்டு நின்றுவிடும். நாங்கள் விடையைச் சொல்லிக் கொடுக்கவில்லை. இரண்டு நாள் மண்டையை உடைத்து, அந்தக் கட்டளையை விட்டுவிட்டு, சொல்லின் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்க்கும் மீள்செயல் ஒன்றை அவரே எழுதினார். சாதாரண தரப் பாடப்புத்தகத்தில் பாஸ்கல் மொழியில் மீள்செயல் இருக்கிறது. அதை நோட்ஸாகப் பாடமாக்கிய எத்தனை பிள்ளைகளுக்கு அது எதற்கென்று தெரியும்?

பிறகு வகுப்பே சேர்ந்துகொண்டது. பெரும்பாலான ஊர்களுக்கு முதலில் 'ஏ' அழுத்தினால் பிழைக்காது என்று ஒரு மாணவி கண்டுபிடித்தார். மடவளையில் நான்கு, கலகெதரயில் நான்கு! எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று எண்ணி இரகசியக் கடிதத்தை உடைக்கும் வழியை 9ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தவர் அல்கிந்தி. 'அல்கோரிதம்' என்ற சொல் அல்குவாரிஸ்மியின் பெயரிலிருந்து வந்தது. பரிசளிப்பு விழா மேடைகளில் இந்தப் பெயர்களைச் சொல்லாமல் எமது பேச்சாளர்கள் இறங்குவதில்லை. அந்த வேலையை எமது பிள்ளையே செய்தால் மட்டும் அது வீண் விளையாட்டாகிவிடுகிறதா?

தமிழில் செய்யலாமா என்று கேட்டார்கள். கல்குலேட்டரில் தமிழ் எழுத்து இல்லை. கணினியில் பைத்தன் மொழியில் 'கண்டி' எத்தனை எழுத்து என்று கேட்டோம். ஐந்து என்றது. க, ண், டி, மூன்றுதானே? புள்ளியையும் விசிறியையும் கணினி தனித்தனிக் குறியாக எண்ணுகிறது. 'அக்குறணை'க்கு ஐந்துக்குப் பதில் எட்டு சொல்லும். இதைச் சரியாகப் பிரித்துத் தரும் ஓப்பன் தமிழ் என்ற இலவச நிரல் தொகுப்பு இருக்கிறது. எழில் என்ற தமிழ் நிரல்மொழியை ஆக்கிய முத்து அண்ணாமலை அதன் பின்னால் இருப்பவர்களில் ஒருவர். தமிழ் மொழிமூலம் படிக்கும் பிள்ளைக்கு இப்படிப்பட்ட கேள்வி எந்த டியூஷன் வகுப்பில் வருகிறது?

"பரீட்சைக்கு அந்த மெஷினைக் கொண்டுபோக முடியாதே" என்கிறார்கள். உண்மைதான். சாதாரண தரக் கணிதத்துக்கு எந்தக் கல்குலேட்டருமே கிடையாது, மடக்கை அட்டவணைதான். யாரையும் வாங்கச் சொல்லவுமில்லை. புதிதாக வாங்கினால் 100 டொலருக்கும் மேலே போகும். அதே விளையாட்டைப் பழைய லெப்டொப்பில் எழுதலாம், ஏன், கொப்பியில் பாய்ச்சற் கோட்டுப்படமாகவும் கீறலாம்.

நேரம் அமானிதம் என்ற கவலை நியாயமானது. அதில் எங்களுக்கும் உடன்பாடே. அப்படியானால் நள்ளிரவு வரை ஃப்ரீ ஃபயர் அடிக்கும் பிள்ளையின் ஃபோனுக்கு டேட்டா போட்டுக் கொடுப்பது யார்? அதைப் பற்றி ஒரு குரல் பதிவும் வரவில்லை. கண்டியில் பிறந்த அறிஞர் சித்திலெப்பை 1882இல் முஸ்லிம் நேசன் தொடங்கி, எமது சமூகம் நவீன கல்வி படிக்க வேண்டும் என்று எழுதியபோதும் எதிர்த்தவர்கள் இருந்தார்கள். அன்று வட்ஸ்அப் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

பதிவைக் கேட்டதும் கல்குலேட்டரை வாங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டிய வாப்பாவுக்கு ஒரு வேண்டுகோள். கோபித்துக்கொள்ளாமல் அதைப் பிள்ளையிடம் திருப்பிக் கொடுங்கள். ஒருமுறை சொன்ன எழுத்தை மறுபடி சொன்னால் இன்னும் ஓர் உயிர் குறைந்துகொண்டுதான் இருக்கிறது. அந்தப் பிழையை அவர் இன்னும் திருத்தி முடிக்கவில்லை.