மறக்கப்பட்ட சதுரங்க விற்பன்னர்

புளியந்தீவின் ஒல்லாந்தர் கோட்டையை நாளும் காணும் மட்டக்களப்பு வாசகருக்கு, 1935இல் அலெகினை வென்று உலக வாகை சூடிய ஒல்லாந்து தேசத்து மாக்ஸ் யூவேயின் நாமமேனும் செவிவழி எட்டியிருக்கலாம். ஆயினும் அக்காலத்திலேயே, பஞ்சாப்பின் சர் உமர் ஹயாத் கானுடைய பரிவாரத்தில் ஒருவராக லண்டன் சென்று, மேனாட்டு ஆரம்ப ஆட்ட சாஸ்திரங்களில் அதிகப் பயிற்சியின்றியே 1929, 1932, 1933 ஆகிய ஆண்டுகளில் பிரித்தானியச் சாம்பியனாகி, ஹேஸ்டிங்ஸில் முன்னாள் உலகச் சாம்பியன் கபபிளங்காவையே வீழ்த்திய மீர் சுல்தான் கானை இங்கு ஸ்மரிப்பவர் வெகு சிலரே. எஜமானருடன் தாயகம் மீண்டபின் சர்வதேச அரங்கை இழந்து 1966இல் மறைந்தார். 2024இல் சர்வதேச சதுரங்க சம்மேளனம் அவருக்கு அளித்த கௌரவ கிராண்ட் மாஸ்டர் பட்டம், ஆட்டத்தைத் துறந்துவிட்ட ரூபின்ஸ்டைன் போன்றோர்க்கும் அப்பட்டம் வழங்கப்பெற்ற 1950ஆம் ஆண்டிலேயே, அவர் ஜீவந்தராயிருக்கையில் அளிக்கப்பட்டிருக்க வேண்டுமென்பதே என் அபிப்பிராயம்.