விலைப்பட்டியல் வேண்டாம், பெயர்ப்பட்டியல் போடுங்கள்

பதிவு கொஞ்சம் நீளம்தான். வேலையெல்லாம் முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

என்னிடம் படித்த பிள்ளை ஒருவன், பெயரைச் சொன்னால் கூச்சப்படுவான், 2020 ஊரடங்கில் ஒரு வேலையைத் தொடங்கினான். இரும்புக்கை மாயாவி கதைகள் தமிழில் எப்போது, எந்தப் புத்தகமாக, எந்த அட்டையோடு வந்தன என்று ஒன்று விடாமல் பட்டியல் போடுகிற வேலை. இன்னும் முடியவில்லை. வீட்டில் அதற்கு "பொழப்பத்த வேலை" என்று பெயர். போன மாதம் போனில் பேசும்போது கேட்டான்: "டீச்சர், ஒவ்வொரு புத்தகத்துக்கும் எதிர்ல விலையப் போடுலேன்னு கூட்டாளிமாரு சொல்லுதாவ. போட்டாத்தான் நாலு பேரு பாப்பாவளாம். போடட்டுமா?"

போடாதே என்றேன். ஏன் சொன்னேன் என்று போனில் விளக்க முடியவில்லை. உங்களில் பலர் ஏதாவது ஒன்றைச் சேர்க்கிறவர்கள் என்பதால் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

மாயாவியைத் தெரியாத சின்னப் பிள்ளைகளுக்கு இரண்டு வரி. 1962இல் இங்கிலாந்தில் 'வேலியண்ட்' என்ற வாரப் பத்திரிகையில் தொடங்கிய படக்கதை அது. வலது கையை இழந்து இரும்புக் கை பொருத்திக்கொண்டவன் நாயகன். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துபோவான், அந்தக் கை மட்டும் வெளியே தெரியும். சிவகாசியில் 1972இல் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'தான். எங்கள் வயதுக்காரர்கள் அதை ஒளித்து வைத்துப் படித்தோம். ஒரு புத்தகம் தெருவுக்குள் நுழைந்தால் பத்து வீடு சுற்றிவிட்டு, அட்டை போய், முனை மடங்கித்தான் திரும்பும்.

இதற்குப் பட்டியல் போடுவது என்ன பெரிய வேலை என்று நினைக்கலாம். அவன் நோட்டைப் பார்த்தால் தெரியும். முத்து காமிக்ஸில் மாயாவி என்றால் இரும்புக்கைக்காரன். பிறகு வந்த ராணி காமிக்ஸில் மாயாவி என்றால் முகமூடி போட்டுக் குதிரையில் வருகிறவர். அந்த முகமூடிக்காரரே முத்து காமிக்ஸில் வேதாளர். ஒரே பெயரில் இரண்டு ஆள், ஒரே ஆளுக்கு இரண்டு பெயர். "எங்கிட்ட மாயாவி புக் இருக்கு" என்று ஒருவர் சொன்னால், எந்த மாயாவி என்று கேட்காமல் எழுதினால் பட்டியல் அங்கேயே கோணிவிடும். அதற்கு மேல் மறுபதிப்புகள். ஒரே கதை காமிக்ஸ் கிளாசிக்ஸ் என்ற வரிசையில் மறுபடி வரும். அட்டை கிழிந்துபோன புத்தகம் கையில் கிடைத்தால் அது முதல் பதிப்பா, பின்னால் வந்ததா என்று தாளையும் விளம்பரப் பக்கத்தையும் வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

உங்கள் பிள்ளைகளுக்கும் இதே பாடுதான். போக்கிமான் அட்டை சேர்க்கிற பேரப்பிள்ளை உள்ள வீடுகளில் கேட்டுப்பாருங்கள். 1999இல் ஆங்கிலத்தில் வந்த முதல் வரிசையில் பிகாச்சு அட்டை ஒன்றுதான். ஆனால் முதலில் அச்சானதில் கன்னம் சிவப்பு, பிறகு அச்சானதில் மஞ்சள். படம், எண் எல்லாம் ஒன்று, கன்னத்தின் நிறம் மட்டும் வேறு. பிகாச்சு அட்டை முழுவதையும் பட்டியலிடுகிறவர் இதை இரண்டாக எழுத வேண்டும். எட்டு வயதுப் பையன் இதைக் கவனித்துச் சொல்கிறான் என்றால், அவனுக்கு உற்றுப் பார்க்கக் கண் பழகிவிட்டது என்று அர்த்தம். பாடப் புத்தகத்தில் இந்தப் பழக்கத்தை வரவைக்க நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். அதனால் வெட்டி வேலை என்று பிள்ளையை அதட்டாதீர்கள்.

இப்போது விலைக்கு வருகிறேன். அமெரிக்காவில் ஜெஃபர்சன் பர்டிக் என்று ஒருவர் இருந்தார். மின்சாதனத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். மூட்டுவாதத்தால் கைகால் மடங்காத மனிதர். நம்ம ஊர்ப் பிள்ளைகள் தீப்பெட்டிப் படம் சேர்த்த மாதிரி, சிகரெட் பெட்டியிலும் மிட்டாயிலும் வருகிற அட்டைகளைச் சேர்த்தார். அவற்றை வகை பிரித்து எண் கொடுத்து 1939இல் பட்டியலாக வெளியிட்டார். பிறகு மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டு, வருடக்கணக்காக அங்கேயே உட்கார்ந்து தன் கையால் ஆல்பங்களில் ஒட்டினார். 1963 ஜனவரியில் ஒட்டி முடித்தார். மார்ச்சில் இறந்துபோனார்.

அவரும் தம் பட்டியலில் விலை போட்டிருந்தார். சிகரெட் பெட்டியில் வந்த பேஸ்பால் வீரர் அட்டை வரிசை ஒன்றுக்கு அவர் கொடுத்த எண் டி206. அதில் ஹோனஸ் வாக்னர் என்ற வீரரின் அட்டைக்கு அவர் போட்ட விலை 50 டாலர். 2022இல் அந்த அட்டை ஒன்று 72 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குக் கைமாறியது. அந்த 50 டாலரை இன்று கதையாகத்தான் சொல்ல முடியும். டி206 என்ற எண்ணை உலகம் முழுவதும் உள்ள சேகரிப்பாளர்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவர் வகை பிரித்தது நின்றது, விலை போட்டது நிற்கவில்லை.

விலை போட்டால் இன்னொன்றும் நடக்கும். பழைய மாயாவி இதழுக்கு இப்போதே ஆயிரக்கணக்கில் சொல்கிறார்கள். பட்டியலில் விலை ஏறினால் நல்ல அட்டையோடு இருக்கிற புத்தகம் பணம் உள்ளவர் பீரோவுக்குள் போய்விடும், படிக்கக்கூட வெளியே வராது. கிழிந்த புத்தகம் 'ஒண்ணுக்கும் ஆகாது' என்று பழைய பேப்பர் கடைக்குப் போகும். அந்தக் கிழிந்த புத்தகத்தில்தான் ஒரு பையனின் பெயர், வகுப்பு, பிரிவு, 'இதைத் திருடுபவன் கை விளங்காது' என்ற சாபம் எல்லாம் எழுதியிருக்கும். இந்த ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகள் எதைப் படித்தார்கள் என்பதற்கு அதுதான் சாட்சி.

"விலை தெரிந்தால்தானே டீச்சர் பரணில் கிடப்பதைத் தூக்கி எறியாமல் வைப்பார்கள்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். சிலர் வைப்பார்கள். ஆனால் விற்கத்தான் வைப்பார்கள். விலை இறங்குகிற அன்றைக்கு அதுவும் பேப்பர் கடைக்குப் போகும். தன்னிடம் இருக்கிற புத்தகத்தால் பட்டியலில் ஒரு காலி இடம் நிரம்புகிறது என்று தெரிந்து வைத்திருக்கிறவர் அப்படிச் செய்ய மாட்டார். சந்தை விலையைச் சொல்ல வியாபாரிகள் இருக்கிறார்கள். அந்த வேலையை அவர்களே பார்த்துக்கொள்ளட்டும்.

பட்டியலின் அருமை நம் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 17, 18ஐ மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை தாண்டி ஏரல் கடைத்தெரு முழுக்க முங்கியது. அரிசி, துணி, பத்திரம், பிள்ளைகளின் மார்க் ஷீட் என்று எவ்வளவு போனது! அந்தப் பையனுக்கு ஏரலில்தான் வீடு. கட்டிலுக்கு அடியில் இரண்டு தகரப் பெட்டியில் வைத்திருந்த மாயாவி புத்தகங்கள் அத்தனையும் சேற்றோடு சேர்ந்து கட்டியாகிவிட்டன. பிரித்தால் தாள் கையோடு வந்தது. ஆனால் நோட்டின் ஒவ்வொரு பக்கத்தையும், ஒவ்வொரு அட்டையையும் முன்பே படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பியிருந்தான். அதனால் பட்டியல் பிழைத்தது. இன்று அவனிடம் ஒரு புத்தகம்கூட இல்லை, ஆனாலும் பட்டியல் வேலை நடக்கிறது. மற்றவர்களிடம் இருப்பதைப் பார்த்து எழுதுகிறான். 'என்கிட்ட இத்தனை இருக்கு' என்று காட்டுவதற்காகத் தொடங்கியிருந்தால் அந்தச் சேற்றோடு விட்டிருப்பான்.

கொற்கைக்காரர்களுக்கு இன்னொரு உதாரணம். நம் ஆற்றோரமாக மேற்கே போனால் ஆதிச்சநல்லூர். 1876இல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் அங்கே தோண்டி, கிடைத்ததைப் பெர்லினுக்குக் கொண்டுபோனார். பிறகு அலெக்சாண்டர் ரீ தோண்டினார். தங்க நெற்றிப்பட்டம், வெண்கலச் சாமான், இரும்பு ஆயுதம் என்று எடுத்தவற்றுக்கு அவர் தயாரித்த பட்டியல் 1915இல் புத்தகமாக வந்தது. சாமான்கள் சென்னைக்குப் போய்விட்டன. நூறு வருடம் கழித்தும் இன்ன பொருள் ஆதிச்சநல்லூரில் கிடைத்தது என்று சொல்ல அந்தப் பட்டியல் இருக்கிறது. நம் ஊரிலேயே காட்டில் கிடக்கிற ஓட்டை யாராவது எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டால், எங்கே எடுத்தது என்ற குறிப்பு இல்லாத வரை அது வெறும் ஓடுதான். படக்கதையையும் தொல்பொருளையும் ஒன்றாக வைக்கிறீர்களா என்று கோபிக்காதீர்கள். இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. எழுதி வைக்கிற முறை ஒன்று என்கிறேன்.

வாத்திச்சி புத்தி, கடைசியில் பாடம் நடத்தாமல் விடாது. உங்களில் யார் எதைச் சேர்த்தாலும், மாயாவியோ டிரம்ப் கார்டோ தீப்பெட்டிப் படமோ, பட்டியல் போடும்போது பள்ளிக்கூடச் சேர்க்கைப் பதிவேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பண்ணையார் பிள்ளைக்கும் ஒரு வரி, கூலிக்காரர் பிள்ளைக்கும் ஒரு வரி. நல்ல சட்டை, கிழிந்த சட்டை என்று அதில் பத்தி கிடையாது. வருகைப் பதிவேட்டில் வராத பிள்ளையின் பெயரையும் கூப்பிடுவோம். அதுபோல, கிடைக்காத இதழுக்கும் ஒரு வரி விட்டு வையுங்கள். கடைசியாக ஒரு பத்தி கட்டாயம் வேண்டும்: நேரில் பார்த்ததா, பிறர் சொல்லக் கேட்டதா? கேட்டதைப் பார்த்ததாக எழுதினால், அடுத்து வருகிறவர்கள் இல்லாத புத்தகத்தைத் தேடி அலைவார்கள்.

இப்போது உங்களுக்கு வீட்டுப்பாடம். பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பரணை ஒழிப்பீர்கள். பழைய காமிக்ஸ் எது கண்ணில் பட்டாலும், எவ்வளவு கிழிந்திருந்தாலும், எடைக்குப் போடுமுன் முன்னட்டை, பின்னட்டை, முதல் பக்கம், கடைசிப் பக்கம் நான்கையும் படம் எடுங்கள். அட்டை இல்லையென்றால் இல்லை என்றே எழுதுங்கள். உள்ளே பெயர் எழுதியிருந்தால் அதையும் எடுங்கள். எனக்கு அனுப்பினால் அவனிடம் சேர்த்துவிடுவேன். புத்தகத்தை யாரும் தர வேண்டாம், அது உங்களிடமே இருக்கட்டும்.

மதுரையில் இருக்கிற என் தங்கச்சி மகளுக்கு: உங்க அப்பா டிரங்குப் பெட்டியை என்னைக் கேட்காமல் தொடாதே தாயி. அதில் இரண்டு மாயாவி இருப்பது எனக்குத் தெரியும்.

எல்லோரும் நல்லா இருங்க.

அன்புடன்,
உங்கள் டீச்சர், கொற்கை