கிதார் மன்னர் யார்?

ரசிகர்கள் இருவர் கூடினால் கட்சியும் இரண்டு என்பது எந்தச் சங்கீதத்துக்கும் பொது விதி. 1950-களில் அமெரிக்காவைக் கலக்கிய ‘ராக் அண்ட் ரோல்’ இசையும் இதற்கு விலக்கல்ல. அதன் ஆரம்ப காலத்தில் கிதார் வாசித்தவர்களுள் தலைசிறந்தவர் யார்? எழுபது ஆண்டுகளாகியும் இந்த வழக்குக்குத் தீர்ப்பு வரவில்லை.

சக் பெர்ரிதான் என்பது ஒரு கட்சி. பாட்டை எழுதியவர், பாடியவர், கிதார் வாசித்தவர் எல்லாம் அவரே. 1958-ல் வெளிவந்த அவருடைய ‘ஜானி பி. கூட்’ பாட்டு, 1977-ல் வாயேஜர் விண்கலங்களோடு வானவெளிக்கே போய்விட்டது. போ டிட்லிதான் என்பது இன்னொரு கட்சி. 1955-ல் அவர் கிதாரில் போட்ட தாளக்கட்டு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

இரண்டு கட்சியிலும் நியாயம் உண்டு. ஆனால் இந்த இருவருக்கும் ஒரு பாக்கியமும் இருந்தது. இசைத்தட்டில் அவர்கள் பெயர் அச்சாகியிருந்தது. பெயர் அச்சாகாதவர்களின் கதி என்ன?

டானி செட்ரோன் என்று ஒருவர் இருந்தார். 1954 ஏப்ரல் 12-ந் தேதி, நியூயார்க்கில் பில் ஹேலி குழுவினர் ‘ராக் அரவுண்ட் தி கிளாக்’ பாட்டைப் பதிவு செய்தனர். அதன் நடுவில் மின்னலாய்ப் பாயும் கிதார் வாசிப்பு செட்ரோனுடையது. அவர் அந்தக் குழுவின் நிரந்தர அங்கத்தினர்கூட அல்ல. பதிவுக்கு இவ்வளவு என்று கூலி பெற்றவர். இரண்டே மாதத்தில், ஜூன் மாதம், மாடிப்படியில் விழுந்து மாண்டார். மறு ஆண்டு அந்தப் பாட்டு ஒரு சினிமாவில் ஒலித்தது. அமெரிக்காவில் முதலிடத்தைப் பிடித்தது. புகழ் வந்தபோது அதைப் பெற அவர் இல்லை.

ஸ்காட்டி மூர் கதை வேறு. எல்விஸ் பிரெஸ்லியின் முதல் தட்டில் கிதார் வாசித்தவர் அவர். மெம்பிஸ் நகரின் சன் கம்பெனி வெளியிட்ட அந்தத் தட்டில், பாடகர் பெயரின் கீழே ‘ஸ்காட்டி அண்ட் பில்’ என்று சிறிய எழுத்திலாவது போட்டிருந்தார்கள். எல்விஸ் பெரிய கம்பெனிக்குப் போனதும் அந்தச் சிறிய எழுத்தும் மறைந்தது. எல்விஸ் கோடீஸ்வரரானார், மூருக்கு வாரச் சம்பளம்தான். சம்பளத் தகராறில் 1957-ல் அவர் விலகினார்.

சிஸ்டர் ரோசெட்டா தார்ப் பெயர் தட்டில் இருந்தது, பட்டியலில்தான் இல்லை. இவர்களுக்கெல்லாம் முன்பே, தேவாலயப் பாடல்களுக்கு எலெக்ட்ரிக் கிதாரை முழக்கிய கறுப்பினப் பெண்மணி அவர். 1973-ல் காலமானார்.

‘ராக் அண்ட் ரோல்’ புகழ் மண்டபம் எல்விஸையும் பெர்ரியையும் 1986-லும், ஹேலியை 1987-லும் சேர்த்துக்கொண்டது. மூருக்கு 2000-ல்தான் இடம் கிடைத்தது. செட்ரோன் உள்ளிட்ட ஹேலி குழுவினருக்கு 2012 வரையிலும், தார்ப்புக்கு 2018 வரையிலும் கதவு திறக்கவில்லை.

பாடகர் முகத்துக்காகத்தானே தட்டு விற்றது, கூலிக்கு வாசித்தவருக்கு என்ன பங்கு என்று கேட்பாருண்டு. வியாபாரக் கணக்குக்கு அது சரி. கைத்திறமைக்கு அது அளவுகோல் ஆகாது. செட்ரோன் வாசித்த அந்தச் சில விநாடிகளை எடுத்துவிட்டால் அந்தப் பாட்டில் பாதி உயிர் போய்விடும்.

இன்று கைப்பேசியில் பாட்டுக் கேட்பவர் கண்ணிலும் பெரும்பாலும் படுவது பாடகர் பெயர்தான். கருவி மாறியிருக்கிறது, வழக்கம் மாறவில்லை. ஒவ்வொரு பாட்டோடும் வாத்தியக்காரர் பெயரையும் கண்ணில் படும்படி போடுவதில் கம்பெனிகளுக்கு எந்த நஷ்டமும் இல்லை.

ரசிகர்கள் தாராளமாக வாதாடட்டும். மகுடத்தைச் சக் பெர்ரிக்கே சூட்டினாலும் குற்றமில்லை. ஆனால் போட்டியில் இருந்தவர்கள் எல்லாருடைய பெயரையும் கூப்பிட்ட பிறகு சூட்டட்டும். அதுதான் நேர்மையான தீர்ப்பு.